இரண்டு ஊரில் செய்த பெட்டி

மகனுக்கு,

உனக்கும் மருமகளுக்கும் சின்னவனுக்கும் உம்மாவின் சலாம். எல்லாரும் சுகம் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். உடம்பு சுகம்தான். மனம்தான் சுகமில்லை. நீ கொழும்பில் திறக்கப்போகும் கடைக்காக அச்சடித்த பிரசுரம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று மீன் ஆணத்துக்கு உப்புப் போட்டதை மறந்து திரும்பவும் உப்புப் போட்டேன். உன் தங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "உம்மா, காக்காக்கு எழுதிப் போடுங்க. இல்லாட்டி நாங்க எல்லாரும் உப்பிலயே மௌத்தாகிருவம்" என்றாள். அண்ணனான உனக்கு அவளுடைய வாய் தெரியும்தானே. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வளவுக்காரர் கொழும்புக்கு வருகிறார், அவர் இதை உன் கையிலேயே தருவார். தபாலில் போடக்கூடிய கதை இல்லை இது. நீ வாசித்துவிட்டு மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. சின்னவன் வளர்ந்த பிறகு அவனுக்கும் சொல்.

பிரசுரம் வடிவாக இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோல் நிறத்தில் மட்டை, தங்க நிறத்தில் எழுத்து, நடுவில் நம்முடைய மாப்பிள்ளைப் பெட்டியின் படம். உள்ளே 'எங்கள் வரலாறு' என்று ஒரு பக்கம். கல்முனை மண்ணில் உன் தந்தை தனியொருவராக நின்று, தன் சொந்தக் கற்பனையால், இலங்கையின் உயர்ந்த பயணப் பெட்டியை உருவாக்கினார் என்று எழுதியிருக்கிறாய். முதல்தரம் வாசித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெற்ற மனம்தானே. இரண்டாம் தரம் வாசித்தபோது, வாப்பாவோடு சேர்ந்து இந்தப் பெட்டியைச் செய்த சோமு மாமாவைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம், அச்சகத்தின் பெயர் போட்டிருக்கும் அடிவரி, எல்லா இடமும் தேடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஆறடி மனிதனைத் தனியொருவர் என்ற ஒரே ஒரு சொல்லுக்குள் மறைத்துவிட்டாய். உனக்கு நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது. இப்போது இருப்பது கவலை, அது போகிற மாதிரித் தெரியவில்லை.

வரலாறு எழுதுவதென்றால் உன் வாப்பா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எழுத வேண்டும். கொழும்பு ஆட்களுக்கு இது விளங்காது. நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளைதான் கலியாணம் முடித்து, உடுப்பைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். நம் முஸ்லிம் ஆட்களிலும் அப்படித்தான், காரைதீவு, பாண்டிருப்புத் தமிழ் ஆட்களிலும் அப்படித்தான். உன் வாப்பா என்னைக் கட்டி இந்த வளவுக்கு வந்தபோது ஒரு பன்பையில் இரண்டு சாரனும் ஒரு வெள்ளைச் சேட்டும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுத் தகரப்பெட்டி அடித்தார். தகரத்தை வெட்டி, மடித்து, பச்சைப் பெயின்ற் பூசி, மூடியில் ஒரு றோசாப்பூ கீறுவார். கடல் காற்றில் பிணைச்சல் முதலில் துருப்பிடிக்கும், மறுகா றோசாப்பூ உதிரும். நல்ல மனிதர், பொய் தெரியாதவர், தொழிலில் சுத்தம். ஆனால் அவருக்குக் கற்பனை என்று ஒன்று இருந்ததாக, அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாது.

கற்பனை எழுபத்தேழில் பஸ்ஸில் வந்து இறங்கியது. அந்த வருடம் கொழும்பில் தமிழ் ஆட்களை அடித்துக் கலைத்தார்கள். சோமசுந்தரம் அங்கே ஒரு பெரிய தோல் சாமான் கடையில் வேலை செய்தவர். தோட்டத்துத் துரைமார் சீமையிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளைப் பிரித்துத் திருத்துவதுதான் அவருடைய வேலை. கடை போய்விட்டது, குடியிருந்த அறையும் போய்விட்டது. பெண்சாதி பரமேஸ்வரியோடு அவளுடைய ஊரான பாண்டிருப்புக்கு வந்தவர், ஒரு நாள் நம் கொட்டிலுக்குள் நுழைந்து, உன் வாப்பா அடித்து வைத்திருந்த பெட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, "காக்கா, இதுக்குள்ள உடுப்பு வெக்கலாம், மரியாதை வெக்க ஏலாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆறடி உயரம், எண்ணெய் வைத்து வாரிய தலை, வேலை இல்லாத மனிதனுக்கு மடிப்புக் கலையாத காற்சட்டை. பெருமைக்காரன், இந்த வளவுக்கு ஆகாது என்று அன்றைக்கு உன் வாப்பாவிடம் சொன்னேன். பெருமைக்காரர்தான், அதில் நான் பிழை விடவில்லை. உன் வாப்பாவோ அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவா என்றார். பலகைச் சட்டம் அடிக்க உன் வாப்பாவின் கை, தோல் வெட்ட சோமுவின் கை, உள்ளே ஒட்ட மருதமுனைக் கைத்தறித் துணி என்று அவர்கள் இருவரும் முதல் பெட்டியைச் செய்து முடித்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெட்டியைக் கையால் தடவாமல் யாரும் அதைக் கடந்து போகவில்லை.

யாருக்கு விற்பது என்ற கேள்வி வந்தது. சவூதிக்கும் கட்டாருக்கும் போகிறவர்கள் வெளிநாட்டுப் பெட்டியைத்தான் கேட்பார்கள். சோமுதான் சொன்னார், நம் பக்கத்தில் எந்த ஆணும் வாழ்க்கையில் ஒரு தரம் பெட்டி தூக்கியே ஆகவேண்டும், அது மாமியார் வீட்டு வாசலுக்கு, அந்த ஒரு நாளைக்கு அவன் பன்பையோடு போகக்கூடாது என்று. மாப்பிள்ளைப் பெட்டி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். முதல் பெட்டியை மருதமுனை மாப்பிள்ளை ஒருவர் வாங்கி, அக்கரைப்பற்றில் வயல் நிறைய உள்ள ஒரு போடியார் வீட்டுக்குக் கொண்டுபோனார். வலிமா விருந்து முடிந்து அடுத்த கிழமை, போடியார் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். பெட்டியைத் தூக்கி வேலை மேசையில் வைத்தார். "ஆருடா இதச் செஞ்ச? என்ட வீட்டுல, என்ட மருமகன், பெட்டியப் பூட்டித் திறப்ப இடுப்புல செருகிக்கிட்டுப் படுக்கான். நாங்க என்ன களவெடுக்கிற குடும்பமா?" என்றார். உன் வாப்பாவுக்கு அது தோன்றவே இல்லை, சோமுவுக்கும்தான் தோன்றவில்லை. துரைமாரின் பெட்டிக்குப் பூட்டு இருந்தது, அதனால் இதற்கும் பித்தளைப் பூட்டு வைத்தார்கள். பெண் வீட்டில் வாழப் போகிறவன் பூட்டோடு போனால் அது என்ன அர்த்தம் என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் யோசிக்கவில்லை.

நான் வேலிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சோமு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு துளி அவசரமும் இல்லாமல் முன்னால் வந்தார். "போடியார், பிழை மாப்பிளையில. நாங்க சொல்லிக் குடுக்க மறந்திட்டம். பூட்டு வெச்சது பூட்டுறதுக்கு இல்ல. மாப்பிள வாசல்ல நிண்டு, பெட்டியப் பூட்டி, எல்லாரும் பாக்கத் திறப்பப் பொண்ணுர கையில குடுக்கணும். என்ட எல்லாம் இனி உன்ட பொறுப்பு எண்டு. அதுக்குத்தான் பூட்டு" என்றார். அந்த நிமிடத்தில் பிறந்த பொய் அது. போடியார் பூட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப என்ட மகள்ர கையில திறப்பு வரணும்" என்றார். "ஓம் போடியார், அதான் முறை." போடியார் தேத்தண்ணி குடித்துவிட்டு, இளைய மருமகனுக்கும் ஒரு பெட்டி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த போகம் நெல் வெட்டி முடிந்த கலியாணக் காலத்தில், திறப்புக் கொடுக்காத மாப்பிள்ளையை மாப்பிள்ளையாகவே மதிக்கவில்லை. தமிழ் ஊர்களிலும் அப்படியே. நீ உன் கலியாணத்தன்று வாசலில் நின்று மருமகளிடம் திறப்பைக் கொடுத்தபோது என் கண் கலங்கியது, பக்கத்தில் நின்ற சோமு மட்டும் மீசைக்குள் சிரித்தார். உன் பிரசுரத்தில் அதையும் எழுதியிருக்கிறாய், எங்கள் தந்தை மண்ணின் மரபை ஆராய்ந்து கண்டுபிடித்த திறப்பு முறை என்று. உன் வாப்பா ஆராய்ந்த ஒரே விஷயம் தகரத்தின் கனம்தான், மகனே.

அதற்குப் பிறகு ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வந்தார்கள், சட்டத்தரணிமார் வந்தார்கள், திருக்கோவிலில் இருந்தும் அம்பாறையில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொட்டில் பட்டறையானது. நீ சவூதிக்குப் போனாய். அதுவரை உள்ள கதை உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் பிரசுரத்தில் சோமுவை விட்டுவிட்டாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நாங்கள் எழுதவில்லை. கடிதத்தை உடைத்துப் பார்க்கிற காலம், சோமு மாமா விலகிவிட்டார் என்று மட்டும் எழுதினோம்.

எண்பத்தைந்தில் நம் ஊர்களும் அவர்களுடைய ஊர்களும் ஒன்றையொன்று தின்றன. அவர்கள் பக்கம் வீடுகள் எரிந்தன, நம் பக்கமும் அடக்குவதற்கு ஜனாசாக்கள் வந்தன. யார் தொடங்கியது என்று கேட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பதில் இருக்கும், நான் அதற்குள் போகவில்லை. சோமுவின் வீட்டுக் கூரை போனது. அவருடைய மூத்த பையன் போன இடம் இன்றுவரை தெரியாது. எல்லாம் கொஞ்சம் அடங்கியதும் உன் வாப்பா அவரைப் பார்க்கப் புறப்பட்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சந்தியில் வைத்து மறித்தார்கள். "காக்கா, நீங்க போகவும் வேணாம், அந்தாள் இஞ்ச வரவும் வேணாம். வந்தா நாங்க பொறுப்பில்ல." அந்தப் பக்கத்திலும் சோமுவின் வீட்டுக்கு வந்து அதையே வேறு வாயால் சொல்லியிருக்கிறார்கள். உன் வாப்பா திரும்பி வந்து பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தார். ஒரு மாதம் ஆணி அடிக்கும் சத்தமே வளவில் இல்லை.

எனக்கு ஆசுபத்திரிக்குப் போகிற வேலை இருந்தது. உன் வாப்பாவின் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் நாளில் மருந்து எடுக்கப் போவேன். ஒருநாள் வாங்கில் என் பக்கத்தில் பரமேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறசர். நாங்கள் இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு, வாய் அசையாமல் கதைத்தோம். "அக்கா, அவர் சும்மா இருந்தே செத்துப் போவார் போல கிடக்கு" என்றாள். "இஞ்சயும் அதே வருத்தந்தான் தங்கச்சி" என்றேன். அப்படித்தான் தொடங்கியது. மூடி பாண்டிருப்பில் சோமு செய்வது, அடிப்பெட்டி நம் வளவில் உன் வாப்பா செய்வது. அடுத்த கிளினிக் நாளில் அவள் மூடியைப் பன்பாயில் சுருட்டிக் கொண்டுவருவாள், நான் இன்னொரு பாயில் தோலும் பலகையும் சுற்றிக் கொடுப்பேன். மருந்துப் போத்தலோடு பாயும் தூக்கிப் போகிற பொம்பிளையை யார் கவனிக்கப் போகிறார்கள்.

முதல் மூடி வந்தது, பொருந்தவில்லை. தொளதொள என்று ஆடியது. உன் வாப்பா அளந்து பார்த்தார். தான் செய்தது கொஞ்சம் இறுகினால் மற்றவருக்குக் கரைச்சல் என்று சோமு மூடியில் ஒரு நூல் இடம் விட்டிருக்கிறார், அதையே நினைத்து உன் வாப்பா அடிப்பெட்டியில் ஒரு நூல் குறைத்திருக்கிறார். உன் வாப்பா அந்த ஆடுகிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்து அழுதார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். "சோமுட்டச் சொல்லச் சொல்லுங்க, அவர் இடம் விட வேணாம், நான் விடுறன் எண்டு" என்றார். அடுத்த மூடி சரியாக உட்கார்ந்தது. அது உட்காரும்போது ஒரு சின்னக் காற்றுச் சத்தம் வரும், உனக்குத் தெரியும்.

ஒருதரம் சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பையன் பாயை விரிக்கச் சொன்னான். மூடி மட்டும் உள்ளே. அவன் துவக்கைத் திருப்பிப் பிடித்தான். "மத்தது எங்க?" என்றான் கொச்சைத் தமிழில். பாதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி ஏன் திரிகிறாள் என்று அவன் நினைப்பதில் என்ன பிழை. "மத்தது வீட்டுல, மகன். இத திருத்தக் குடுத்த" என்றேன். அவன் தோலைத் தடவிப் பார்த்தான், துணியைத் தடவிப் பார்த்தான். "எனக்குக் கலியாணம் வருது" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டித் தந்தான். வீட்டுக்கு வந்து நான் தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு, செய்ததை மறந்து திரும்பவும் செய்தேன். மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது, மகனே. இப்போது உன் வாப்பாவுக்குக் கண் போய்விட்டது, அவர் விரலால் தடவிச் சொல்ல உன் தங்கையும் பட்டறைப் பிள்ளைகளும் செய்கிறார்கள். ஆனால் நீ உன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் மேல் பாதி பாண்டிருப்பில் செய்தது. அதற்குப் பக்கத்தில் தனியொருவர் என்ற பிரசுரத்தை வைக்கப்போகிறாய்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தங்கை கேட்டதற்கு நீ சொல்லியனுப்பிய பதிலைக் கேட்டேன். கொழும்பில் தமிழ்ப் பெயரோடு ஒரு கடை என்றால் பொலிஸ் வரும். ஊரில் அந்தப் பெயரைக் கண்டால் நம் ஆட்கள் கேட்பார்கள். அவர்கள் பக்கத்துப் பையன்கள், துலுக்கனுக்கு வேலை செய்கிறாயா என்று சோமுவைக் கேட்பார்கள். சரி. நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பயந்தவனை நான் குறை சொல்ல மாட்டேன், பாய்க்குள் மூடியைச் சுருட்டியவளும் பயந்தவள்தான். பெயரைப் போடாதே. நானே சொல்கிறேன், போடாதே. ஆனால் பயத்தில் வாயை மூடுவது ஒன்று, மூடிய வாயைத் திறந்து வேறு கதை சொல்வது இன்னொன்று. முதலாவதை அல்லாஹ் மன்னிப்பான், மனிதரும் மன்னிப்பார்கள். இரண்டாவது அந்த மனிதரிடமிருந்து கடைசியாக மிஞ்சியதையும் எடுக்கிறது. அவருடைய கடை கொழும்பில் போனது, கூரை பாண்டிருப்பில் போனது, பிள்ளை எங்கே போனான் என்று தெரியாது. மிஞ்சியது, இந்தப் பெட்டியைத் தான் செய்தேன் என்ற நினைப்பு ஒன்றுதான். இரண்டு பேர் தொடங்கினார்கள் என்று எழுது. யார் மற்றவர் என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போ. அதற்கு மட்டும் உனக்குத் தைரியம் இருந்தால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

போன கிளினிக் நாளில் பிரசுரத்தைக் கொண்டுபோனேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடை திறந்தால் எப்படியும் அவர்கள் கைக்கு வரும், வேறு யாரும் காட்டுவதற்கு முன் நான் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பரமேஸ்வரி நன்றாக வாசிப்பாள். முழுக்க வாசித்தாள். மடிப்புக் கலையாமல் திரும்ப மடித்து என் மடியில் வைத்தாள். "நல்ல தடிப்பான கடதாசி அக்கா" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் நம்பரைக் கூப்பிடும்வரை பிறசரைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைத்தாள். போகும்போது வழக்கம்போல மூடியைத் தந்துவிட்டுப் போனாள். அவள் ஏசியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு உன் வாப்பா, "மகன் என்னமோ புத்தகம் அடிச்சு அனுப்பியிருக்கானாம், வாசிங்க புள்ள கேப்பம்" என்றார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் உன் தங்கை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள். நீ எழுதியபடியே வாசித்தாள், தனியொருவராக நின்றது, சொந்தக் கற்பனை, மரபை ஆராய்ந்தது, ஒன்றையும் விடவில்லை. உன் வாப்பா தலையைச் சாய்த்து, கண் தெரியாத ஆட்கள் கேட்பது போல முழுவதையும் கவனமாகக் கேட்டார். அவள் வாசித்து முடித்தாள். அவருக்கு நினைவு தப்பவில்லை மகனே, கண்தான் போனது, புத்தி என்னைவிடத் தெளிவு.

"நல்ல மனிசன் போல கிடக்கு. ஆரு இவர்?" என்று கேட்டார்.

உன் தங்கை சிரித்தாள், மறுகா சிரிப்பை நிறுத்தினாள். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அதை எழுதியவன் நீ. கடை திறக்கும் முன் ஒரு நாள் வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தனியொருவர் யார் என்று நீயே உன் வாப்பாவுக்குச் சொல்.

உன் உம்மா